மண்டபமும் அங்காடியும்: தென்காசி, குற்றாலம், மதுரைப் புதுமண்டபம் – ஓர் ஒப்பீட்டுத் திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மரபுக் கட்டடங்களுக்குள் வணிகம் நுழைவது புனிதத்திற்கு நேர்ந்த இழுக்கு என்ற கருத்தும், அது மக்கள் வாழ்வின் இயல்பான நீட்சி என்ற கருத்தும் பொதுவெளியில் எதிரெதிராக நிற்கின்றன. இவ்விரண்டும் கட்டடத்தை வணிகம் எவ்வாறு பயன்படுத்துகிறது என்ற வினாவை விட்டுவிடுகின்றன. தென்காசியில் கோயிலுக்கு முன்பும், குற்றாலத்தில் கோயிலைச் சூழ்ந்தும், மதுரைப் புதுமண்டபத்தில் கட்டடத்திற்கு உள்ளேயும் அமைந்த வணிகத்தை ஒப்பிட்டு, அதனை மதிப்பிடுவதற்கு மூன்று அளவுகோல்களை இக்கட்டுரை முன்வைக்கிறது. கட்டடத்தை மீட்கும் முயற்சியில் அதனோடு பிணைந்த தொழில் மரபு ஆவணமின்றி மறைவது தமிழாய்வுக்கும் இழப்பு என்பது இதன் முடிவாகும்.

திறவுச்சொற்கள்: புதுமண்டபம், தென்காசி, குற்றாலம், அங்காடி, மரபுக் கட்டடப் பாதுகாப்பு, அச்சுப் பண்பாடு.

முன்னுரை

தென்காசி காசி விசுவநாதர் கோயிலின் கோபுரத்திற்கு முன்னே கடைவீதி நீள்கிறது. அங்கிருந்து சில கல் தொலைவில் உள்ள குற்றாலத்தில் கடைகள் கோயிலையும் பேரருவிக்குச் செல்லும் வழியையும் சூழ்ந்து நிற்கின்றன. மதுரையிலோ, மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரத்திற்கு எதிரேயுள்ள புதுமண்டபத்தின் தூண்களுக்கு இடையிலேயே கடைகள் பல தலைமுறைகளாக இயங்கின. முன், சூழ, உள் என்னும் இம்மூன்று நிலைகளும் கட்டடத்திற்கும் வணிகத்திற்கும் இடையிலான நெருக்கத்தின் மூன்று படிகள் எனலாம்.

மூன்றாவது படியில் நிற்கும் புதுமண்டபமே தமிழகத்தில் மரபுக் கட்டடம் ஒன்று வணிக வளாகமாக மாறியதற்கு மிகத் தெளிவான சான்று. அதனைத் தனித்து நோக்கினால் அது ஓர் ஆக்கிரமிப்பின் வரலாறாக மட்டுமே தோன்றும். தென்காசி, குற்றாலம் ஆகியவற்றோடு சேர்த்து நோக்கும்போது வேறு சில உண்மைகள் புலப்படுகின்றன.

அங்காடியும் கோயிலும்: மரபின் சான்று

கோயிலும் அங்காடியும் ஒன்றற்கொன்று அயலானவை என்ற எண்ணத்திற்குத் தமிழ் மரபில் வலுவான சான்று இல்லை. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் மதுரை நகரின் வாழ்வோடு ஒன்றாக வைத்தே வருணிக்கிறது. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் திரிபுவனமாதேவிப் பேரங்காடி என்ற கடைத்தெருவைப் பெயர் சுட்டிக் குறிப்பிடுகின்றன. கோயிலின் விளக்கெரிப்பும் திருவிழாவும் எண்ணெய், பூ, துணி, கலம் ஆகியவற்றை வழங்கும் வணிகரைச் சார்ந்திருந்தன.

குற்றாலத்தைப் பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியையும் இந்நோக்கில் மீண்டும் படிக்க இடமுண்டு. திரிகூடராசப்பக் கவிராயரின் இந்நூல் பெரும்பாலும் இயற்கை வருணனைக்காகவும் சந்த நயத்திற்காகவுமே போற்றப்படுகிறது. ஆனால் நூலின் இறுதிப் பகுதியில் சிங்கனும் சிங்கியும் நிகழ்த்தும் உரையாடல், குறி சொன்னதற்குப் பரிசாகப் பல ஊர்களிலிருந்து சிங்கி பெற்றுவந்த அணிகலன்களைச் சுற்றியே அமைகிறது. மலைமகள் தன் அறிவைக் கொண்டு ஊர்தோறும் செல்கிறாள். ஊர்களின் பொருள் மலைக்கு வருகிறது. மலையும் ஊரும் கொண்டும் கொடுத்தும் கலக்கும் இடமாகவே குற்றாலம் இந்நூலில் உருப்பெறுகிறது. ஆகவே குற்றாலத்தில் கடை இருப்பதையே அவ்விடத்தின் இயல்புக்கு மாறானது என்று கூறுவது அந்நூலுக்கே பொருந்தாத வாதமாகும்.

எனினும், கோயிலுக்கு அருகில் அங்காடி இருந்தது என்பதிலிருந்து, கட்டடத்தின் உட்பகுதியை அங்காடியாக்கலாம் என்ற முடிவுக்குத் தாவ முடியாது. மரபுச் சான்றுகள் பெரும்பாலும் தெருவில் அமைந்த அங்காடியையே காட்டுகின்றன. தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட வெளி கடையாக மாறுவது வேறொரு நிகழ்வு. அதனைத் தனியே ஆராய வேண்டும்.

புதுமண்டபம்: மூன்று பெயர்களின் வரலாறு

திருமலை நாயக்கர் (1623–1659) காலத்தில் எழுப்பப்பட்ட இம்மண்டபம் 124 தூண்களைக் கொண்டது. வைகாசியில் நிகழும் வசந்த விழாவில் இறைவனையும் இறைவியையும் எழுந்தருளச் செய்வதற்காக இது கட்டப்பட்டது; வசந்த மண்டபம் என்ற பெயர் அதனால் வந்தது. கோடையின் வெம்மையைத் தணிப்பதற்காக மண்டபத்தைச் சுற்றி நீர் நிற்கும் கால்வாய் அமைக்கப்பட்டிருந்தது. நடுப்பகுதித் தூண்களில் நாயக்க மன்னர்களின் உருவங்கள் ஆளுயரத்திற்குச் செதுக்கப்பட்டுள்ளன. மீனாட்சி திருக்கல்யாணமும், கயிலையை எடுக்கும் இராவணனும், கல் யானை கரும்புண்ட திருவிளையாடலும் இங்குள்ள சிற்பங்களிற் குறிப்பிடத்தக்கவை.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மதுரைக்கு வந்த ஆங்கிலேயர் இதனைத் திருமலை நாயக்கரின் 'சவுல்ட்ரி', அதாவது சத்திரம், என்று எழுதினர். வழிபாட்டு விழாவுக்குரிய மண்டபத்தை வழிப்போக்கர் தங்குமிடமாக அவர்கள் புரிந்துகொண்டதையே இப்பெயர் காட்டுகிறது. மக்கள் வழக்கிலோ 'புதுமண்டபம்' என்ற பெயரே நிலைத்தது. விழாவைச் சுட்டும் பெயர், பயணியின் பிழையான பெயர், அங்காடிக்குரிய முகவரியாக மாறிய பெயர் என மூன்று பெயர்களும் கட்டடம் கண்ட மூன்று பயன்பாடுகளைப் பதிவு செய்துள்ளன.

கடைகள் நிறைந்திருந்த காலத்தில் புதுமண்டபத்திற்குள் நுழைந்த வருகையாளர் முதலிற் கண்டது துணியும் பாத்திரமும் வளையலும் புத்தகமுமே. கண் மட்டத்தில் சரக்கு. அதற்கு மேலே, தொங்கும் துணிகளுக்கு அப்பால், யாளியின் தலையோ மன்னனின் முகமோ தெரியும். மரப் பலகை அடைப்புகளும் மின்கம்பிகளும் தூண்களை மறைத்தன. சிற்பத்தைக் காண வந்தவர் கடைக்காரரிடம் வழிகேட்டுத்தான் அதனை அடைய முடிந்தது. சுற்றியிருந்த நீரமைப்பு வருகையாளரின் கண்ணிற் படாமற் போனது. இது சிற்பம் மறைந்தது என்ற அளவில் முடியும் இழப்பன்று. குளிர்ச்சிக்காகக் கட்டப்பட்ட கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது என்ற செய்தியே அதன் வழி மறைந்தது.

ஆயினும் அக்கடைகள் அவ்விடத்தோடு தொடர்பற்றவை அல்ல. புதுமண்டபத் தையற்காரர்கள் தெய்வத் திருமேனிகளுக்குரிய ஆடைகளையும், சித்திரைத் திருவிழாவில் கள்ளழகரை எதிர்கொள்ளும் அடியவர் உடுக்கும் வேடங்களையும் தைத்துக் கொடுத்தனர். சமய வேறுபாடின்றிக் கைமாறி வந்த தொழில் அது. புத்தகக் கடைகள் பஞ்சாங்கங்களையும், பெரிய எழுத்துக் கதைகளையும், நாடக நூல்களையும், தோத்திரத் திரட்டுகளையும் தென்மாவட்டச் சிற்றூர்களுக்குக் கொண்டு சேர்த்தன. அத்தகைய நூல்களின் முகப்பேட்டில் புதுமண்டபம் என்ற சொல் முகவரியாக அச்சிடப்பட்டிருப்பதைப் பழைய நூலகங்களிற் பணியாற்றும் ஆய்வாளர் அறிவர். தமிழ் வெகுமக்கள் அச்சுப் பண்பாட்டின் முதன்மையான விற்பனைக் களங்களுள் ஒன்று நாயக்கர் காலத் தூண்களுக்கு இடையே இயங்கியது என்பது இலக்கிய வரலாறு போதிய அளவு கவனிக்காத செய்தியாகும்.

தீ எழுப்பிய வினா

2018 பிப்ரவரி 2 அன்று இரவு மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பற்றியது. அங்கிருந்த கடைகள் எரிந்தன. மண்டபத்தின் மேற்கூரையின் ஒரு பகுதி சரிந்தது. கருங்கல் தீயைத் தாங்கும் என்ற பொது நம்பிக்கை இங்குப் பொய்த்தது. கருங்கல்லில் உள்ள குவார்ட்சு என்னும் கனிமம் ஏறத்தாழ 573 பாகை செல்சியசு வெப்பத்தில் திடீரென விரிவடைகிறது. கல்லின் பிற கனிமங்கள் அதே அளவில் விரிவதில்லை. இதனால் கல் உள்ளிருந்து பிளந்து செதில் செதிலாக உதிர்கிறது. துணி, நெகிழி, மரம் ஆகியவை அடைத்துவைக்கப்பட்ட மண்டபம், கல்லாலானது என்ற ஒரே காரணத்தால் பாதுகாப்பானதாகிவிடாது.

இந்நிகழ்வுக்குப் பின் கோயில் வளாகங்களிலுள்ள கடைகளை அகற்றும் நடவடிக்கை வேகம் பெற்றது. புதுமண்டபக் கடைக்காரர்களுக்கு, குன்னத்தூர் சத்திரம் இருந்த இடத்தில் மதுரை மாநகராட்சி பொலிவுறு நகரத் திட்டத்தின்கீழ்க் கட்டிய வணிக வளாகத்தில் இடம் ஒதுக்கப்பட்டது. சத்திரம் என்று ஆங்கிலேயர் பிழையாகப் பெயரிட்ட மண்டபத்தைக் காப்பதற்காக, உண்மையான சத்திரம் ஒன்று நின்ற இடம் அங்காடியாயிற்று. வணிகம் மரபு வெளியிலிருந்து வெளியேறவில்லை. ஒரு மரபு வெளியிலிருந்து மற்றொன்றுக்கு இடம் மாறியது. புதிய வளாகத்தில் பழைய சத்திரத்தின் பெயர் மட்டுமே எஞ்சுகிறது.

குற்றாலத்திலும் இதே எச்சரிக்கை எழுந்தது. 2023 ஆகத்தில் கோயிலை ஒட்டிய தற்காலிகக் கடைகளில் தீ பரவிப் பல கடைகள் எரிந்தன. சாரல் பருவத்திற்கு மட்டும் உரிமம் பெறும் கடைக்காரர், தீத்தாங்கும் கூரைக்கோ முறையான மின்னிணைப்புக்கோ முதலிட மாட்டார். ஓலையும் தார்ப்பாயும் எரிவாயு உருளையும் அருகருகே அமைவது அவரது கவனக்குறைவால் மட்டும் நேர்வதன்று. குறுகிய கால உரிமம் என்ற ஏற்பாட்டின் விளைவும் ஆகும். தமிழ்நாடு இந்து சமய, அறநிலையக் கொடைகள் சட்டம், 1959, சமய நிறுவனங்களின் அசையாச் சொத்தை ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்டுக் குத்தகைக்கு விடுவதற்கு ஆணையரின் ஒப்புதலைக் கட்டாயமாக்குகிறது. கோயில் சொத்து கைநழுவிப் போகாமற் காப்பதற்கு இவ்விதி தேவையானதே. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில் தொழில் செய்பவரும் சட்டத்தின் பார்வையில் என்றும் தற்காலிகமானவராகவே இருக்கிறார். தற்காலிகமானவரிடம் நிலையான பொறுப்பை எதிர்பார்ப்பதில் உள்ள முரண் இதுவரை போதிய அளவில் விவாதிக்கப்படவில்லை.

மூன்று அளவுகோல்கள்

மரபுக் கட்டடத்தில் அமையும் வணிகத்தை மதிப்பிடப் 'புனிதம்–வணிகம்' என்ற எதிர்வு போதாது. அதற்கு மாற்றாக மூன்று வினாக்களை எழுப்பலாம். வணிகம் நடைபெறும்போதும் கட்டடத்தை அதன் அமைப்பும் நோக்கமும் விளங்கப் படிக்க முடிகிறதா என்பது முதல் வினா, இது தெளிவுடைமை. வணிகம் அகன்றால் கட்டடம் ஊறின்றி முன்னை நிலைக்குத் திரும்ப முடியுமா என்பது இரண்டாவது, இது மீளுடைமை. விற்கப்படும் பொருளுக்கும் செய்யப்படும் தொழிலுக்கும் அவ்விடத்தோடு உறவு உண்டா என்பது மூன்றாவது, இது சார்புடைமை.

பிற நாட்டு எடுத்துக்காட்டுகள் இரண்டு இவ்வளவுகோல்களின் பயனை விளக்கும். கொழும்புக் கோட்டைப் பகுதியிலுள்ள பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்தர் மருத்துவமனை புதுப்பிக்கப்பட்டு, 2011-இல் கடைகளும் உணவகங்களும் கொண்ட வளாகமாகத் திறக்கப்பட்டது. அதன் முற்றங்களும் தடித்த சுவர்களும் ஓட்டுக் கூரையும் வருகையாளருக்குத் தெளிவாகத் தெரிகின்றன. தெளிவுடைமையில் அது புதுமண்டபக் கடைகளை விஞ்சுகிறது. ஆனால் அங்குள்ள உணவகம் வேறெந்தப் பழங்கட்டடத்திலும் இருந்திருக்கலாம். அது மருத்துவமனையாக இருந்தது என்பது வணிகத்திற்கு ஓர் அலங்காரப் பின்னணியாகிறது. சார்புடைமை அங்குக் குறைவு.

மற்றொன்று, மதுரை மதனகோபாலசாமி கோயிலைச் சேர்ந்த மண்டபம். பிரித்துக் குவிக்கப்பட்டிருந்த அதன் தூண்களை 1912-இல் அமெரிக்கரான அடலின் பெப்பர் கிப்சன் மதுரையில் விலைக்கு வாங்கினார். 1919-இல் அவை பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்திற்குக் கொடையாக அளிக்கப்பட்டன. அங்குத் தூண்கள் மாசின்றி, தடையின்றிக் காட்சி தருகின்றன. தீ, எண்ணெய், ஆணி, கயிறு எதுவும் அவற்றைத் தீண்டுவதில்லை. சிற்பம் முழுமையாகக் காக்கப்பட்டது. விழாவும் தெருவும் ஊரும் அதனிடமிருந்து அகன்றன. அங்காடியாவது மட்டுமே மண்டபத்திற்கு நேரும் இழப்பன்று என்பதற்கு இது சான்றாகும்.

இவற்றோடு ஒப்பிடுகையில், புதுமண்டபக் கடைகள் தெளிவுடைமையில் தோற்றன. மீளுடைமையில் அவற்றின் நிலை இடருக்குரியது: கடைகள் அகன்றபின் மண்டபம் எஞ்சியது உண்மைதான், ஆனால் அருகிலிருந்த வீரவசந்தராயர் மண்டபத்திற்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. சார்புடைமையிலோ அவை மிக உயர்ந்து நிற்கின்றன. குற்றாலமும் இதற்கு ஒப்பானது. நீராடுமுன் தேய்க்கும் எண்ணெய், நீராடியபின் துவட்டும் துண்டு, மலைச்சாரலின் மங்குசுத்தான், இரம்புத்தான் பழங்கள், கிராம்பு, சாதிக்காய், நேந்திரங்காய் வறுவல் என அங்கு விற்கப்படுவனவற்றுட் பல அவ்விடத்தின் நீருக்கும் நிலத்திற்கும் உரியவை. அதேவேளை கோயிலின் சங்கு வடிவமும், மூலிகை வண்ண ஓவியங்கள் கொண்ட சித்திர சபையும் கடைகளின் நெருக்கத்தில் வருகையாளரின் கவனத்திலிருந்து நழுவுகின்றன. ஐஞ்சபைகளுள் ஒன்றுக்கு அருகில் தாம் நிற்பதை அறியாமலே அருவிக்குச் சென்று திரும்புவோர் உளர்.

இங்குத்தான் கடை அகற்றும் நடவடிக்கையின் குறை தெரிகிறது. அது முதலிரு அளவுகோல்களுக்கு விடையளித்தது. மூன்றாவதைக் கணக்கில் எடுக்கவில்லை. மாற்றிடம் வழங்கியபோது கடைகளின் எண்ணிக்கையும் பரப்பளவும் வாடகையும் அளக்கப்படும் பொருள்களாயின. எந்தத் தையற்காரர் எந்த விழாவுக்கு எவ்வகை ஆடையைத் தைத்தார், எந்தப் புத்தகக் கடை எந்த நூல்களை எத்தனை தலைமுறையாக விற்றது என்பன அளக்கப்படவில்லை. சிற்பத்தைப் படம்பிடித்து, எண்ணிட்டு, பட்டியலிடும் முறை வளர்ந்துள்ள அளவிற்குத் தொழிலைப் பட்டியலிடும் முறை வளரவில்லை.

தென்காசிக் கல்வெட்டு: காப்பவர் யார்?

இவ்விடத்தில் தென்காசி தரும் சான்று தனிச் சிறப்புடையது. பராக்கிரம பாண்டியன் 1446-இல் தொடங்கிய காசி விசுவநாதர் கோயிலில் அம்மன்னனின் கூற்றாக அமைந்த தமிழ்ப் பாடல்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் குறை நேருமாயின், அதனை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரை உலகறியத் தான் பணிவதாக அவற்றுள் ஒரு பாடலில் மன்னன் கூறுகிறான்.

இதனை அரசனின் பணிவுக்கு எடுத்துக்காட்டாகக் கூறுவதே வழக்கம். அதன் சொல்லாட்சியைக் கூர்ந்து நோக்கினால் மேலும் இரு கருத்துகள் பெறப்படும். முதலாவது, கட்டடம் சிதையும் என்பதை மன்னன் முன்பே ஏற்றுக்கொள்கிறான். அழியாமையை அவன் உரிமை கொண்டாடவில்லை, செப்பனிடுதலை வேண்டுகிறான். இரண்டாவது, காப்பவரைக் குலத்தாலோ பதவியாலோ அவன் வரையறுக்கவில்லை. காக்கும் செயலே ஒருவரைக் காப்பவராக்குகிறது. அக்கோயிலின் பிற்கால வரலாறு இதனை மெய்ப்பித்தது. சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்ற கோபுரம் மீண்டும் ஒன்பது நிலைகளோடு எழுந்து, 1990-இல் குடமுழுக்குக் கண்டது. பாண்டியர் ஆட்சி மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின், அரசு மரபோடு தொடர்பற்றவர்களின் உழைப்பால் அது நிகழ்ந்தது.

இக்கருத்தைப் புதுமண்டபத்திற்குப் பொருத்தும்போது வினா மாறுகிறது. அங்கிருந்த கடைக்காரர் மண்டபத்திற்குக் குறை விளைவித்தவரா, அதனைப் புழக்கத்தில் வைத்துக் காத்தவரா? இரண்டும் உண்மை. அவர் தூணை மறைத்தார். அதே வேளையில் விளக்கேற்றி, கூட்டி, நாள்தோறும் மனித நடமாட்டத்தையும் அங்கு வைத்திருந்தார். வைகாசி வசந்த விழா அக்கடைகளுக்கு நடுவிலும் தொடர்ந்து நிகழ்ந்தது. அவரை ஆக்கிரமிப்பாளர் என்று மட்டும் பதிவு செய்யும் கோப்பு, பாதி வரலாற்றையே எழுதுகிறது. மரபின் காவலர் என்று மட்டும் போற்றும் கட்டுரை, தீ கற்பித்த பாடத்தை மறக்கிறது.

முடிவுரை

இவ்வொப்பீட்டிலிருந்து பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு. புதுமண்டபத்திலிருந்து கடைகளை அகற்றியது, தீயின் இடரையும் கட்டடத்தின் தெளிவுடைமையையும் கருதுகையில் ஏற்கத்தக்க முடிவே. அகற்றிய முறையில் தொழில் மரபை ஆவணப்படுத்தும் கடமை விடுபட்டது. அவ்விடுபாட்டை ஈடு செய்ய இன்னும் காலம் உண்டு. அக்கடைகளில் வளர்ந்த மூத்த தலைமுறையினரின் நினைவும், கணக்கேடுகளும், நூற்பட்டியல்களும் முற்றிலும் மறைவதற்கு முன் அவற்றைத் தொகுக்க வேண்டும். அச்சு வரலாற்றையும் நாட்டார் வழக்காற்றையும் ஆராயும் தமிழ்த் துறைகளுக்கு இது கட்டடக்கலைஞரிடமோ அறநிலையத் துறையிடமோ விட்டுவிடத்தக்க பணியன்று.

குற்றாலம் மதுரையின் அனுபவத்தை முன்கூட்டியே பயன்படுத்திக்கொள்ளும் நிலையில் உள்ளது. அங்குக் கடைகளை முற்றாக அகற்றினால் அவ்விடத்தின் பண்டமாற்று மரபு அறுபடும். இன்றைய நிலையிலேயே விட்டால் அடுத்த தீ கோயிலையும் சித்திர சபையையும் நெருங்கக்கூடும். எரியாத பொருளாலான, கழற்றி அடுக்கத்தக்க கடையமைப்பு, கோயிலின் முகப்பும் சபையின் வாயிலும் மறையாத இடைவெளி, இடத்தோடு உறவுடைய பொருள்களுக்கு முன்னுரிமை, பொறுப்பேற்க இடந்தரும் உரிமக் காலம் ஆகிய நான்கும் ஒருங்கே தேவை. இவற்றுள் எதுவும் பெருஞ்செலவினது அன்று. பருவம் தொடங்குவதற்கு முன் உரிமம் வழங்கும் நிலையிலேயே இவற்றை நிபந்தனைகளாக்க முடியும்.